சுமதிக்கு, சென்னிமலையில இருந்து

சுமதி,

நல்லா இருக்கியாடி? உன் மெசேஜ் பார்த்த அன்னைக்கே போன் பண்ணலாம்னுதான் இருந்தேன், ஆனா இதை போன்ல பேசி முடிக்க முடியாதுன்னு தோணுச்சு, அதான் ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு உக்காந்து டைப் பண்றேன். எங்கூட்டுல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலிதான் கொறையவே மாட்டேங்குது, மாடிப்படி ஏறுறதையே விட்டுட்டாங்க. பையன் பிளஸ் டூ, காலையில அஞ்சரைக்கே டியூஷன் போயிடறான். போன வாரம் மழை பேஞ்சு கெணத்துல தண்ணி கொஞ்சம் ஏறியிருக்குது.

உன்னை அந்த டிரஸ்ட் கமிட்டியில போட்டிருக்காங்கன்னு கேட்டதுல எனக்கு அவ்வளவு சந்தோசம். சமூக ஆராய்ச்சிய ஜனங்ககிட்ட கொண்டு போறதுக்குன்னே பணம் குடுக்கப் போறோம், எதுக்குக் குடுக்கலாம்னு நீயும் சொல்லுன்னு கேட்டிருந்தே. எனக்கு மனசுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, யாரைக் கேட்டு எழுதினாங்களோ அவங்ககிட்ட மொதல்ல திரும்பிப் போகோணும், அதுக்குத்தான் மொதல் பணம்.

எம்.ஏ. முடிச்ச கையோட நான் சர்வே வேலைக்குப் போனேனே, ஞாபகம் இருக்குதா? நெசவாளர் வீடு வீடா படிவத்தைத் தூக்கிட்டு அலைஞ்சது. ஒரு வீட்டுல சரஸக்கா குழித்தறிக்குப் பக்கத்துல உக்காந்து ராட்டையில தார், அதான் தறி நாடாவுக்குள்ள போடற நூல்குச்சி, சுத்திட்டு இருந்தாங்க, வீட்டுக்காரர் பெட்ஷீட் ஓட்டிட்டு இருந்தார். படிவத்துல தொழில்னு ஒரு கட்டம். அவருக்கு நெசவுன்னு எழுதிட்டேன். அக்காவைக் கேட்டா "நான் சும்மாதான் இருக்கறேன் கண்ணு"ங்கறாங்க, கை ராட்டையை விடவே இல்ல, அறுந்த நூலைப் பேசிட்டே முடிச்சுப் போடறாங்க, நானும் குடும்பத் தலைவின்னு எழுதி அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். வாசல்ல செருப்பு மாட்டறப்ப "இதெல்லாம் எழுதி என்ன கண்ணு பண்ணுவீங்க"ன்னு கேட்டாங்க. ரிப்போர்ட் வந்ததும் கொண்டாந்து காட்டறேங்க்கான்னு சொன்னேன். ரிப்போர்ட் வந்துச்சு, இங்கிலீஷ்ல, கெட்டி அட்டை போட்டு. எங்களை அனுப்புன எடத்துல கேட்டதுக்கு, திரும்பப் போறதுக்கெல்லாம் பட்ஜெட்ல எடம் இல்லன்னுட்டாங்க. அந்த வெசனம் இன்னைக்கும் என்னை விட்டுப் போகல.

போன மாசம் நானே போனேன். பழைய ரிப்போர்ட்ல எங்க ஊரு சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் தமிழ்ல நாலு பக்கமா எழுதி, மாரியம்மன் கோயில் முன்னால பொழுதோட எல்லாரையும் உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன். மைக், ஜெராக்ஸ், டீ, முறுக்கு எல்லாம் சேர்த்து 2,600 ரூபா ஆச்சு, அவ்வளவுதான். பெண்கள்ல முக்காவாசிப் பேரு வேலைக்குப் போகாதவங்கங்கற எடத்துக்கு வந்தப்ப சரஸக்கா எந்திரிச்சு "அப்ப தார் யாரு சுத்துனது?"ன்னு கேட்டாங்க பாரு, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் யாரும் எந்திரிக்கல. பாவு புனையறது யாரு, நூலுக்குச் சொசைட்டியில போயி நிக்கறது யாரு, ஒரு பெட்ஷீட் கூலியில அவங்க பங்கு எவ்வளவுன்னு அவங்களே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு தறிக்கு ஒரு ஆள் கூலிதான், வேலை செய்யறது ரெண்டு பேருன்னு ஒரு பெரியவரே சொன்னார். அந்தக் கட்டத்தைத் தப்பா எழுதுனது நான்தான்னு நானும் எந்திரிச்சுச் சொன்னேன். திரும்பப் போறதை எல்லாரும் நன்றி சொல்லப் போற மாதிரி நெனைக்கறாங்க சுமதி, அப்படி இல்ல, ஆராய்ச்சியில இருக்கற தப்பு அங்கதான் தெரிய வருது.

நீ கேட்டதுக்காக வெளியூர்ல எப்படிப் பண்றாங்கன்னும் தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல 2003-ல இருந்து வருசா வருசம் சமூக அறிவியலுக்குன்னே திருவிழா நடத்தறாங்க, அங்க அரசாங்கப் பணத்துல ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கற கவுன்சிலே அதுக்குச் செலவு பண்ணுது, பேச்சு, கண்காட்சி, ஸ்கூல் பசங்களுக்குப் பயிற்சின்னு. அதோட யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கு மார்க் போடறப்ப வெளியில என்ன மாற்றம் வந்துச்சுங்கறதுக்கு 2014-ல 20 சதவீதம், 2021-ல 25 சதவீதம் ஒதுக்கியிருக்காங்க. அதைவிட எனக்குப் பிடிச்சது அமெரிக்காவுல வென்னர்-கிரென்னு மானுடவியலுக்குன்னே இருக்கற ஃபவுண்டேஷன் குடுத்தது. ஏற்கனவே அவங்க பணத்துல ஆராய்ச்சி முடிச்சவங்க அதே ஊருக்குத் திரும்பிப் போயி கண்டதைச் சொல்லறதுக்குன்னே தனியா 5,000 டாலர் வரைக்கும். பெரிய தொகை இல்ல, ஆனா அதுக்குன்னு தனிப் பேரு இருந்துச்சு, வேற செலவுல கரைஞ்சு போகல. நம்ம நாட்டுலயும் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் குடுக்கற ஐசிஎஸ்எஸ்ஆர் 1969-ல இருந்து இருக்குது, அந்தப் பணத்துல எத்தனையோ ஊருல எத்தனையோ பேரு கேள்வி கேட்டிருப்பாங்க. அந்த ஊருகளுக்கு என்ன போச்சுன்னு நெனச்சாத்தான் மனசு கஷ்டமா இருக்குது.

நம்ம பக்கத்துலயே ஒரு நல்ல உதாரணம் இருக்குதுடி. காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல 1960-கள்ல பிரெண்டா பெக்னு ஒரு மானுடவியல் அம்மா வந்து தங்கியிருந்தாங்க. உடுக்கை அடிச்சுப் பாடறவங்ககிட்ட பொன்னர் சங்கர் அண்ணன்மார் கதையை 1965-லயே டேப்புல பதிவு பண்ணினவங்க. அதோட விடல, பல வருசம் கழிச்சு அதே கதையை நம்ம பக்கத்து ஓவியரை வெச்சு 26 பாகம் கார்ட்டூன் படமா, தமிழ்லயும் பண்ணினாங்க. புத்தகம் எழுதறவங்க ஆயிரம் பேரு, கேட்டதைத் திருப்பிக் குடுக்கணும்னு இத்தனை வருசம் கழிச்சும் நெனைக்கற மனசுதான் பெருசு.

இப்ப உன் கமிட்டிக்கு. திரும்பப் போற செலவை அப்ளிகேஷன்ல மொதல்லயே தனி வரியா கேளுங்க, கடைசியில மிச்சம் இருந்தா பாக்கலாம்னு விட்டா மிச்சமே இருக்காது. தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் குடுங்க, அது டைப்பிங் வேலை இல்ல. நான் மொதல்ல "அமைப்புசாராத் தொழிலாளர்"னுதான் எழுதியிருந்தேன், ஒரு அம்மா "அது எந்தச் சங்கம் சாமி?"ன்னு கேட்டாங்க, பி.எஃப். இல்ல, லீவு இல்ல, நாளைக்கு வேலை இருக்கும்னு நிச்சயம் இல்லன்னு சொன்னப்பத்தான் புரிஞ்சுது. சர்வேக்குப் போன உள்ளூர்ப் புள்ளைங்களையே படிச்சுக் காட்டறதுக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, அதுக்கும் அவங்களுக்குக் கூலி போடச் சொல்லுங்க. பேனர் முன்னால நின்ன போட்டோவையும் எத்தனை பேரு வந்தாங்கங்கறதையும் மட்டும் கேக்காதீங்க, அவங்க என்ன திருத்தம் சொன்னாங்க, அதை எங்க சேர்த்தீங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணு, இதுல நான் பயப்படறதும் இருக்குது. நாப்பது வீடு இருக்கற ஊருல "ஒரு விதவைப் பெண் சொன்னார்"னு படிச்சாலே யாருன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும். சாதியைப் பத்தி, கூலியைப் பத்தி, கடன் குடுத்தவனைப் பத்திச் சொன்னவங்க நாளைக்கும் அதே தெருவுலதான் நடக்கோணும், அதே ஆள்கிட்டத்தான் வேலை கேட்டு நிக்கோணும். அதனால கூட்டம் போடறதுக்கு முன்னால சொன்னவங்களைத் தனியாப் போயிப் பாத்து, இதைப் படிக்கலாமா வேண்டாமான்னு கேட்டுட்டு வர்றதுக்கும் பஸ் காசு குடுங்க. ஒருத்தங்க வேண்டாம்னா அந்தப் பக்கம் படிக்கக்கூடாது. நானும் ரெண்டு பத்தியை அப்படி எடுத்துட்டேன், அதுல ஒண்ணுதான் இருக்கறதுலயே முக்கியமானது, இருந்தாலும் எடுத்துட்டேன்.

உன் மொத மீட்டிங் எப்பன்னு சொல்லு. அதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை இங்க வந்துட்டுப் போ, பெருந்துறை வரைக்கும் பஸ்ல வந்துரு, நான் வண்டியில வந்து கூட்டிட்டு வந்தர்றேன். சரஸக்கா உன்னைப் பாக்கோணும்ங்கறாங்க. அந்த நாலு பக்கத்தையும் லேமினேட் பண்ணி தறி பக்கத்துச் செவுத்துல மாட்டியிருக்காங்க, குடும்பத் தலைவின்னு இருந்த எடத்தை அவங்க பேத்தி பேனாவுல அடிச்சு, தார் சுத்துதல்னு எழுதி வெச்சிருக்கா.

கலா