பத்மினி பேர்ல ஒரு ஃபெல்லோஷிப் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டி.கே.பத்மினின்னு ஒரு ஓவியர், பொன்னானி பக்கம் 1940ல பிறந்தவங்க, 60கள்ல மெட்ராஸுக்கு வந்து எழும்பூர் ஓவியக் கல்லூரியில கே.சி.எஸ்.பணிக்கர்கிட்ட படிச்சாங்க. 1969ல பிரசவத்துல இறந்துட்டாங்க, 30 வயசு கூட ஆகல, அதுக்குள்ள 200 படத்துக்கு மேல வரைஞ்சிருக்காங்க. பட்டம் விடற பொண்ணு படம் கடைசியா வரைஞ்சதுல ஒண்ணு. கேரளாவுல அவங்கள நல்லாவே தெரியும், படிச்ச ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

நானும் பெயிண்டிங் படிச்சவதான். பொண்ணுக்கு வீசிங் வந்ததும் டர்பன்டைன் வாசனையே வீட்ல ஆகாதுன்னு ஆயில் கலரையெல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு பரண்ல ஏத்திட்டேன். 11 வருஷம் கழிச்சு இறக்கினா வெள்ளை ட்யூப் மூடி திறக்கவே இல்ல, கட்டிங் ப்ளேயர் வெச்சுத் திருகினதுல ட்யூப் கிழிஞ்சுடுச்சு, உள்ள கல்லு மாதிரி இருந்துச்சு, அழுதுட்டேன். அப்புறம் அக்ரிலிக் வாங்கி அடுப்படி மேடையில வெச்சு ராத்திரி வரைய ஆரம்பிச்சேன். ஒரு உதவித்தொகைக்கு அப்ளை பண்ணா வயசு 40க்குள்ள இருக்கணும், கடைசி 3 வருஷ எக்ஸிபிஷன் லிஸ்ட் வேணும்ங்கறாங்க. எங்களுக்குக் கை ஒழியறதே 40க்கு மேலதானே, அந்த லிஸ்ட்டுக்கு நான் எங்க போறது?

இங்கெ மோராத் (Inge Morath)ங்கற வெளிநாட்டு போட்டோகிராஃபர் 2002ல இறந்தப்ப, மேக்னம்ங்கற போட்டோ ஏஜென்சியில கூட வேலை செஞ்சவங்களே அவங்க பேர்ல இளம் பெண் போட்டோகிராஃபர்களுக்கு ஒரு அவார்டு ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்லயும் 1966ல பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்த காசுலதான் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையே உருவாக்கினாங்க, அதனால இது நடக்காத காரியம் இல்ல. பத்மினி பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குக் குடுத்தாக்கூடப் போதும். கேடயம், பொன்னாடை எதுவும் வேணாம். பூட்டிட்டு உக்காந்து வரைய 6 மாசத்துக்கு ஒரு ரூம், கலர் கான்வாஸ் செலவு, குழந்தைய பாத்துக்கறவங்களுக்குச் சம்பளம், இவ்வளவுதான். வயசு வரம்பு மட்டும் வெச்சுடாதீங்க.

கல்லூரியில படிச்சவங்க, கேலரி நடத்தறவங்க யாராவது முன்னாடி வந்தா என் பங்கா 5,000 ரூபாய் தர்றேன், ஆபீஸ் வேலை, ஃபார்ம் சரிபாக்கறது எதுனாலும் வந்து செய்யறேன். தயவுசெஞ்சு இதைப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குரோம்பேட்டை