கடைப்புள்ளைகள் நிக்கிறாங்க இல்லையெண்டு எழுதினவருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல மட்டக்களப்பு டவுன்ல யாவாரம் செய்யுற ஒருத்தர் எழுதியிருந்தார், கடைக்கு வாற புள்ளைகள் ஆறு மாசம் கூட நிக்கிறாங்க இல்ல, பழக்கி எடுத்தா உடனே குவைத்துக்கு போயிடுறாங்க, சம்பளமும் அரசாங்கம் கூட்டிப்போட்டுது எண்டு. ஐயா, நான் ஒரே புடவைக்கடையில பதினொரு வருசமா நிக்கிறவள். நிக்கிறது எண்டா காலையில 9 மணியில இருந்து ராத்திரி ஏழரை வரைக்கும் கால்ல நிக்கிறது.

வவுணதீவு பக்கம்தான் எங்கட வீடு. வெள்ளாப்புல எழும்பி, புட்டு அவிச்சி, மகனை ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்திப் போட்டு வலையிறவுப் பாலத்தால பஸ்ல வாறன். பஸ் பிந்தி நான் பத்து நிமிசம் லேட்டானா 200 ரூபா வெட்டு, ஆனா ராத்திரி கடை பூட்ட ஒரு மணித்தியாலம் பிந்தினா அதுக்கு ஒரு கணக்கும் இல்ல. சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான், அதுக்கு மேல செய்தா ஒண்டரை மடங்கு காசு. இது 1954ம் ஆண்டுச் சட்டம், என்ட அம்மா பிறக்க முதலே வந்தது. சித்திரை, தீபாவளி சீசன்ல ராத்திரி 10 மணி வரைக்கும் நிண்ட எங்களுக்கு தந்தது ஒரு பார்சல் கொத்துதான்.

சம்பளம் கூடின கதைய சொல்றன், அந்த ஐயா கொஞ்சம் கேக்கணும். முந்தி அடிப்படைச் சம்பளம் 17,500, அதோட அரசாங்க அலவன்ஸ் 3,500, எல்லாமா 21,000. மறுகா ஒழுங்கா வந்தா வரவுக்காசு எண்டு கடையால 3,000, சாப்பாட்டுக்கு 2,500. ஈபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு 1,680 வெட்டினா கையில 24,820 வரும். 2025 ஏப்ரல்ல இருந்து ஆகக்குறைஞ்ச சம்பளம் 27,000 ஆகணும் எண்டு வந்த உடனே அந்த 3,500ஐ அதுக்குள்ள சேர்த்தது சட்டப்படி சரி, ஆனா கடைக்காரர் வரவுக்காசையும் சாப்பாட்டுக்காசையும் சேர்த்து நிப்பாட்டிப்போட்டார். 27,000ல ஈபிஎப் 2,160 போக கையில 24,840. கவரை ரெண்டு தரம் எண்ணினன் ஐயா. கூடினது 20 ரூபா, அதுக்கு ஒரு பிளேன்டி கூட வராது.

2026 தையில இருந்து 30,000, அதுல 2,400 போக 27,600. பஸ்ஸுக்கு மாசம் 3,900 போயிடும். கிழமை லோன் 1,850 படி நாலு கிழமைக்கு 7,400. மிச்சம் 16,300ல அரிசி, கறன்ட், மகன்ட டியூசன், எல்லாம். மனுசன் வயல் கூலி, அறுப்புக்கு மெசின் வந்த பிறகு பெரும்போகத்துலயும் கொஞ்ச நாள்தான் வேலை.

நிக்கிறத பத்தி இன்னும் கொஞ்சம் எழுதணும், ஏனெண்டா அத ஒருத்தரும் எழுதுறாங்க இல்ல. ஒரு கலியாணக்கூட்டம் வந்தா முப்பது நாற்பது சீலை விரிச்சி காட்டுவம், எடுக்காம போனாலும் போவாங்க, அது அவங்கட காசு, பிழை சொல்லல்ல. மறுகா எல்லாத்தையும் பழைய மடிப்புலயே மடிக்கணும். கதிரை இல்ல. ஷோகேஸ்ல சாய்ஞ்சா கேமராவில பார்த்து போன்ல ஏசுவாங்க. டைல் குளிரும், அதனால கவுண்டருக்கு பின்னால துணி வந்த பெட்டிய பிரிச்சி அந்த அட்டைய விரிச்சி, செருப்ப கழட்டிப்போட்டு அதுல நிப்பம். பதினொரு வருசத்துல எத்தின அட்டை தேய்ஞ்சுதோ. என்ட இடது காலுல நரம்பு நீலமா சுருண்டு கிடக்கு, ராத்திரியில மகன்தான் எண்ணெய் போட்டு உருவி விடுறான். தமிழ்நாட்டுல 2021லயே கடையில வேலை செய்யுறவங்க இருக்குறதுக்கு கதிரை வைக்கணும் எண்டு சட்டம் போட்டாங்க. ஒரு ஸ்டூல் எத்தின ரூபா ஐயா?

எங்களோட ஆறு வருசம் வேலை செய்த ஒரு அக்கா கடைய விட்டு நிண்ட பிறகு லேபர் ஒபீஸுக்கு ஈபிஎப் அங்கத்துவ அட்டை, பி கார்ட் எண்டு சொல்றது, அதோட போனா. ரெண்டரை வருசக் காசுதான் கட்டியிருக்கு எண்டு சொல்லிட்டாங்களாம். அவட சம்பளத்துல 8 வீதம் மாசா மாசம் வெட்டினது, கடை போட வேண்டிய 12 வீதம், ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், மிச்ச வருசத்துக்கு ஒண்டும் இல்ல. வந்து எங்களுக்கு சொல்லக்குள்ள அழவும் இல்ல, பேசாம இருந்திட்டு போனா. இப்ப அவ குவைத்துல ஒரு வீட்டுல சமைக்கிறா. புள்ளைகள் ஏன் போறாங்க எண்டு கேட்டவருக்கு இத விட எப்படி சொல்றதெண்டு எனக்கு தெரியல்ல.

லேபர் ஒபீஸ்ல இருந்து ஆக்கள் வாறாங்கதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா முதலாளி பக்கத்துல நிக்கக்குள்ள சம்பளம் சரியா கிடைக்குதா எண்டு கேட்டா நாங்க என்ன சொல்ல? ஓம் எண்டுதான் சொல்லுவம். எங்கள கடைக்கு வெளியில கூப்பிட்டு தனியா கேளுங்க, மாசா மாசம் சம்பளச் சீட்டு தரச்சொல்லுங்க, ஈபிஎப் கட்டின ரசீத கடைச் சுவத்துல ஒட்டச்சொல்லுங்க. இத மட்டும் பெரிய எழுத்துல போடுங்க ஐயா. என்ட பேர போட வேணாம், நாளைக்கும் எனக்கு ஒன்பது மணிக்கு கடை.

இப்படிக்கு,
வவுணதீவுல இருந்து ஒரு வாசகி