எங்க தாத்தா பாட்டிமார் செஞ்ச கிறிஸ்மஸ் ஸ்டாருக்குக் கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம், கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள். பாளையங்கோட்டைல எங்க முதியோர் இல்லத்து வாசல்ல தொங்குற ஸ்டார பாத்துட்டு எந்தக் கடைல வாங்கினீங்க, ஆர்டர் குடுத்தா செஞ்சு தருவாங்களான்னு போறவங்க வர்றவங்கல்லாம் கேட்டுட்டே இருக்காங்க. கடைல வாங்கலங்க. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை போட்டுக் குடுப்பாங்கல்ல அந்த பிரவுன் கவர், அதுல எங்க பாட்டிமாரும் தாத்தாமாரும் உக்காந்து செஞ்சது. அதுக்குப் பின்னாடி நின்னவங்க யார் யாருன்னு சொல்லலைன்னா எனக்கு மனசு ஆறாது, அதான் இந்த மடல்.

முதல் நன்றி எங்க தெருமுனை மெடிக்கல் ஷாப் தம்பிக்குத்தான். பழைய கவர் இருந்தா குடுப்பான்னு கேட்டதுக்கு புதுக் கட்டே எடுத்துக் குடுத்துட்டு காசு வேணாம்க்கான்னுட்டாரு. இந்த ஸ்டாருக்கு எல்லா கவரும் ஒரே சைஸா இருக்கணும், ஒரு ஸ்டாருக்கு ஏழு இல்ல எட்டு கவர் போதும். கவரோட மூடின பக்கம் கீழ வர்ற மாதிரி வச்சு, கீழ் ஓரத்துல ஒரு கோடு பசை, நடுவுல மேல வரைக்கும் ஒரு கோடு பசை, அது மேல அடுத்த கவர், இப்படியே அடுக்கிட்டுப் போக வேண்டியதுதான். காஞ்சதும் திறந்திருக்கற பக்கத்தை மட்டும் கூரா வெட்டிட்டு, விசிறி மாதிரி விரிச்சு, முதல் கவரையும் கடைசி கவரையும் ஒட்டிட்டா ஸ்டார் முடிஞ்சுது. கை நடுக்கம் உள்ள ஒரு பாட்டி இருக்காங்க, டம்ளர்ல தண்ணி குடுத்தாலே பாதி சிந்திரும், அதனால எதுலயும் கலந்துக்க மாட்டாங்க, ஓரமா இருந்து பாத்துட்டே இருப்பாங்க. இதுல பசை கோணல்மாணலா போனாலும் உள்ளதான இருக்கு, வெளிய ஒண்ணும் தெரியாது. அவங்க ரெண்டு கையாலயும் புடிச்சு அந்த அடுக்கை விரிச்சப்போ, அது ஒவ்வொரு முனையா பிரிஞ்சு முழு ஸ்டாரா நின்னுச்சு, அந்தப் பாட்டி உடனே "இதை எம்பேரனுக்கு போட்டோ புடிச்சு அனுப்பு"ன்னாங்க. அனுப்பியாச்சு. பேரன் துபாய்ல இருந்து வீடியோ கால்ல வந்து ஆச்சி எப்படி செஞ்சீங்கன்னு கேக்க, அவங்க முதல்ல இருந்து கடைசி வரை சொல்லிக் குடுத்தாங்க.

பசைக்கு எங்க சமையல்கட்டு அக்காவுக்கு பெரிய நன்றி. மைதா காய்ச்சும்போது பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடறது வழக்கம், அது விஷம், எங்க இல்லத்துல ஞாபக மறதி உள்ளவங்க இருக்காங்க, விரலை வாயில வச்சுருவாங்க. அதனால அக்கா துத்தமே சேக்காம தேவைக்கு மட்டும் அன்னன்னைக்குப் புதுசா காய்ச்சிக் குடுத்தாங்க, காலை டிபன் வேலைக்கு நடுவுல.

பிரஸ் வச்சிருக்கற அண்ணாச்சிய மறக்க முடியாது. வயசானவங்களுக்கு பேப்பர் வேலைல ரொம்பக் கஷ்டம் கத்திரிக்கோல்தான், கட்டைவிரல் மூட்டு வலி இருக்கறவங்களுக்கு ரெண்டு வெட்டு வெட்டினதும் கை விட்டுப் போயிரும். அண்ணாச்சி அவரோட கட்டிங் மிஷின்ல தோரணத்துக்கு கலர் பேப்பரை ஒரு இஞ்ச் அகலம் எட்டு இஞ்ச் நீளம்னு கட்டுக்கட்டா நறுக்கிக் குடுத்துட்டாரு, வளையம் வளையமா கோத்து ஒட்டுற வேலை மட்டும்தான் எங்களுக்கு. அதுக்கப்புறமும் சின்னச் சின்ன வெட்டுக்கு ஒண்ணு தேவைப்பட்டுச்சு, டெய்லர் அக்கா அவங்க நூல் வெட்டுற கட்டரைக் கொண்டாந்து குடுத்தாங்க. அமுக்கிட்டு விட்டா அதுவா விரிஞ்சுக்கும், விரலை ஓட்டைக்குள்ள விட்டு மல்லுக்கட்ட வேணாம். இந்த மாதிரி வேலை செய்யற வேற இல்லத்துக்காரங்க இதை ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, நிஜமாவே உபயோகமா இருக்கு.

ஆனா கட்டரே வேணாம்னு சொன்ன ஒரு தாத்தா இருக்காரு. பஸ் கண்டக்டரா இருந்தவர். "பேப்பர் வேலை சின்னப் புள்ளைங்க பாக்கறது"ன்னு முதல்ல வரவே மாட்டேன்னாரு, அப்புறம் அண்ணாச்சி குடுத்த கட்டு தீந்து போனதும் தாளை எடுத்து மடிச்சு நகத்தால ஒரு கீறு கீறி சரக்குன்னு கிழிச்சாரு பாருங்க, மிஷின் வெட்டின மாதிரி நேரா வந்துச்சு. அத்தனை வருஷம் டிக்கெட் கிழிச்ச கை. அதுல இருந்து தினமும் பேப்பர் பட்டை கிழிக்கறது அவர் பொறுப்பு, வேற யாரையும் தொட விடல.

கண் சம்பந்தமா படிக்கற தங்கச்சி ஒருத்தி வந்தா, அவளுக்கும் நன்றி. வயசாக ஆக கண்ணு லென்ஸ் மஞ்சளாயிரும், அதனால நீலமும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பிரிச்சுத் தெரியறது கஷ்டம்னு அவ சொன்ன பிறகுதான் சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு பளிச்சுன்னு எடுத்தோம். வெள்ளைத் தாள்ல வேலை பாக்கும்போது மேஜை மேல கறுப்பு சார்ட் விரிச்சுக்கச் சொன்னா. சின்ன விஷயம்தான், ஓரம் எங்க இருக்குன்னு தடவிப் பாத்துட்டு இருந்தவங்கல்லாம் சட்டுன்னு வேகமா ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

பழைய கல்யாணப் பத்திரிகை குடுத்த வீடுகளுக்கெல்லாம் தனித்தனியா நன்றி சொல்லணும். நல்ல கெட்டி அட்டை, தங்க ஓரம், மரத்துல தொங்க விடற மணியும் சின்ன ஸ்டாரும் செய்ய இதை விட நல்ல பொருள் கடைல கிடையாது. பிள்ளையார் படம், சாமி படம் இருந்த பக்கத்தை யாரும் வெட்டல, பாட்டிமாரே பாத்துப் பாத்து தனியா எடுத்து வச்சு பக்கத்து வீட்டு அக்காகிட்ட பத்திரமா குடுத்துட்டோம். டீச்சரா இருந்த ஒரு அம்மா ஒவ்வொரு பத்திரிகையும் படிக்காம வெட்ட விட மாட்டாங்க, "இந்தப் பொண்ணோட அப்பா என்கிட்ட அஞ்சாங்கிளாஸ் படிச்சவன், வாய்ப்பாடு சொல்லச் சொன்னா அழுவான்"னு ஆரம்பிச்சா அன்னைக்கு வேலை அவ்வளவுதான், கதை கேட்டுட்டே டீ டைம் வந்துரும். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

கணக்கு வாத்தியாரா இருந்த தாத்தா 25 முனை இருக்கற மொரேவியன் ஸ்டார்தான் செய்யணும்னு நின்னாரு. 1830கள்ல ஜெர்மனில நீஸ்கிங்கற ஊர்ல ஒரு ஸ்கூல்ல ஜியாமெட்ரி சொல்லித் தர்றதுக்காக வந்ததாம் அந்த ஸ்டார், 17 முனைக்கு அடி சதுரம், 8 முனைக்கு அடி முக்கோணம்னு மனப்பாடமா சொல்றாரு. இந்த வருஷம் பாதிதான் முடிஞ்சுது, அந்தப் பாதிக்கும் அளவு போட்டுக் குடுத்த பாலிடெக்னிக் தம்பிக்கு நன்றி, அடுத்த வருஷம் முழுசா தொங்க விடறோம்.

காலேஜ் பிள்ளைங்களைப் பத்திதான் நான் ரொம்பச் சொல்லணும். உதவி செய்யறேன்னு வர்றவங்க பொதுவா என்ன பண்ணுவாங்க, "குடுங்க பாட்டி நான் செஞ்சு தரேன்"னு கையில இருந்து வாங்கிருவாங்க, அஞ்சு நிமிஷத்துல அழகா முடிச்சும் குடுத்துருவாங்க, பாட்டி சும்மா பாத்துட்டு உக்காந்திருக்கணும். அன்பாத்தான் செய்யறாங்க, ஆனா அப்படிச் செஞ்ச ஸ்டாரை யாரும் "என் ஸ்டார்"னு சொல்ல மாட்டாங்க. இந்தப் பிள்ளைங்க அப்படிப் பண்ணல. ஒரு மடிப்புக்குப் பத்து நிமிஷம் ஆனாலும் பக்கத்துல அமைதியா இருந்தாங்க, கேட்டா மட்டும் தாளைப் புடிச்சுக்கிட்டாங்க, கோணலா ஒட்டினதைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டல. பரீட்சை நேரத்துல நோட்ஸை மடியில வச்சுக்கிட்டு வந்தீங்களே, நல்லா இருங்க பிள்ளைங்களா.

குடிலுக்கு பிரவுன் ஷீட்டைக் கசக்கி மலை செஞ்சது பூரா எழுந்து நடக்க முடியாதவங்க, கட்டில்லயே இருந்து கசக்கிக் கசக்கிக் குடுத்தாங்க, அரைமணிக்கு ஒரு தரம் போதும்னு நிறுத்தி விரலை நீட்டி மடக்க வச்ச பிசியோ சிஸ்டருக்கு நன்றி. ஸ்டாருக்குள்ள சூடாகாத சின்ன எல்இடி பல்பா பாத்து மாட்டி, வயரு பேப்பர்ல படாம கட்டிக் குடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், தரை பூரா ஒட்டிக்கிட்டிருந்த பசையைத் துடைச்ச ஆயாமாருக்கும் நன்றி. மிச்சத் தோரணத்தை எல்லாம் சர்ச்சுக்கு வாங்கிட்டுப் போய் நல்ல எடமா பாத்துக் கட்டி, கீழ செஞ்சவங்க பேரை எழுதி ஒட்டின ஐயரம்மாவுக்கும் (பாஸ்டரோட வீட்டம்மா), கேரல் ரவுண்ட்ஸ் வந்தப்போ அவசரமா போகாம ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நின்னு பாடின வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்களுக்கும் எங்க எல்லாரோட அன்பும்.

ஸ்டார் ஜனவரி 6 வரைக்கும் வாசல்லதான் இருக்கும். கத்துக்கணும்னு ஆசை உள்ளவங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாங்க, பாட்டிமாரே உக்கார வச்சு சொல்லித் தருவாங்க, ஒரே சைஸ் கவர் எட்டு மட்டும் கொண்டு வந்தா போதும். வீட்ல பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தா எடைக்குப் போட்டுறாதீங்க, எங்களுக்குக் குடுங்க, டீச்சரம்மா காத்துட்டு இருக்காங்க.