யாழ்ப்பாண மாவட்ட வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு,

வலிகாமத்தில் ரியூசன் வகுப்பு ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே தரம் 4 பையன் ஒருவன். வசனக் கணக்கை நான் வாசித்து முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். அதையே தாளில் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுவான். ல, ள, ழ குழம்பும். கொம்பு இடம் மாறும். "கெட்டிக்காரன்தான், ஆனால் சரியான சோம்பல்" என்று பாடசாலையில் தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். சோம்பலுள்ள பிள்ளை மனக்கணக்கிலும் சோம்பலாகத்தானே இருக்கும்?

இப்படியான பிள்ளைகளின் திறமை இடர்பாட்டை மறைக்கிறது, இடர்பாடு திறமையை மறைக்கிறது. புள்ளி நடுவில் வந்து நிற்கிறது. ஐம்பது எடுப்பவனை விசேட கல்வி அலகும் தேடாது, கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்பவரும் தேடமாட்டார்.

செவிப்புலன், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையும் பார்வையற்ற பிள்ளைகளுக்கான சுன்னாகம் வாழ்வகமும் இருக்கிற மாவட்டம் இது. பார்வையற்ற பிள்ளை பல்கலைக்கழகம் போவது எங்களுக்குப் புதினமில்லை. ஆனால் டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள கற்றல் இடர்பாடு) ஒட்டிசமோ (பழகுவதிலும் தொடர்பாடலிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதற்கு மொக்கு, குழப்படி என்று பெயர் வைத்துவிடுகிறோம். (ரியூசன்காரர் நாங்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை.)

இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை, இவர்களைப் பாடசாலையில் சேர்ப்பதோடு நிற்கவில்லை. அவர்களின் திறமையும் ஆக்கத்திறனும் முழுமையாக வளர வேண்டும் என்கிறது. எங்கள் வழக்கமோ வேறு. எழுத்துப் பிழைக்குப் பரிகார வகுப்பு வைக்கிறோம், அதுவும் பிள்ளைக்குப் பிடித்த சித்திரப் பாடவேளையைப் பறித்து. எழுத்துக்கு உதவி கொடுங்கள், கணிதத்தில் ஓட விடுங்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு, ஒரே வகுப்பறையில் வேண்டும்.

வாய்மொழியாகச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் பெரிய இடைவெளி உள்ள பிள்ளைகளைத் தரம் 3 முடியுமுன் கண்டுபிடித்து மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி வகுப்பாசிரியர்களைக் கேளுங்கள். அதற்குப் புதிய கட்டடம் ஒன்றும் தேவையில்லை. தவணைப் பரீட்சையில் சில கேள்விகளுக்கு வாயால் விடை சொல்ல அனுமதித்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மருத்துவ அறிக்கைக்கு அலைந்து திரிவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடுகிறது. புலமைப்பரிசில் விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், வருடத்தின் முதலாம் தவணையிலேயே எல்லா அதிபர்களுக்கும் இதுபற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதைப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர், வலிகாமம்