விளக்கேற்றியவரும் பாடியவரும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐதிக அரசன் குளக்கோட்டனின் கதையை வசனமே இன்றி முழுவதும் பாடி நடித்த சமூக இசைநாடகம் சென்ற மாதம் திருகோணமலையில் மேடையேறிய செய்தியைத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியிட்டமைக்கு முதற்கண் நன்றி. மங்கல விளக்கேற்றியவர்கள் அனைவரும் பதவியோடும் பட்டத்தோடும் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். ஆசியுரையும் நன்றியுரையும் உரியவர் பெயரோடு வந்திருந்தன. பொன்னாடை போர்த்தியவரையும் தாங்கள் விட்டுவிடவில்லை. கடைசி வரியில், "அயலவர் குழுவொன்றும் பின்னணியில் பாடி மெருகூட்டியது" என்றிருந்தது. அந்தக் குழுவைப் பழக்கியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பின்னணி என்று தங்கள் நிருபர் எதைக் கண்டாரோ அறியேன். அந்த நாடகத்தில் கந்தளாய்க் குளத்தை வெட்டியவர்கள் நாங்கள்தான். ஐதிகத்தில் அதைப் பூதங்கள் வெட்டியதாகச் சொல்வார்கள். பூதங்களாக நடித்திருந்தால் நாங்கள் கண்ணுக்குத் தெரியாமற்போனதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். 38 பேர், மண் சுமந்து, அணை கட்டி, அரசனோடு வாதாடி, தொடக்கம் முதல் முடிவு வரை மேடையின் நடுவில் நின்று பாடினோம். விளக்கேற்றல் முடிந்ததும் நிருபர் புறப்பட்டுவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவருக்கு வேறு விளக்குகளும் இருந்திருக்கலாம்.

கூத்து மரபு தாங்கள் அறியாததல்ல. மட்டக்களப்பின் வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்து மேடையில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரித் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்பது நட்டநடுவில். ஆடுபவர் அவர்களைச் சுற்றித்தான் ஆடிவருவார், அவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் தரு என்னும் கூத்துப்பாட்டை ஏந்திக்கொள்பவர்களும் அவர்களே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தது பெரும்பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மேடையில் ஓரமாக அமர்ந்த பிற்பாட்டுக்காரரைப் பின்வந்த சிலர் திரைக்கு அப்பாலேயே தள்ளிவிட்டார்கள். மேல்நாட்டு ஒபெராவைப் பார்த்தாலும், இத்தாலிய இசையமைப்பாளர் வேர்டியின் 'நபுக்கோ' 1842இல் மிலானில் அரங்கேறியது முதல் இன்றுவரை அதிலிருந்து உலகம் அதிகம் பாடுவது அடிமைகள் கூடிப் பாடும் பாட்டைத்தான்.

எங்கள் குழுவில் கோவில் பஜனையில் பாடும் பெண்கள் இருந்தார்கள். பாலையூற்றுத் தேவாலயப் பாடகர் குழாத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். திருக்கடலூர்க் கடற்றொழிலாளர் சிலரும் இருந்தார்கள். பெண்களுக்கு இயல்பான சுருதி ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண்களுக்கு ஒரு கட்டையை ஒட்டியும் இருக்க, எல்லோரும் ஒரே சுருதியில் பாடுவதென்றால் யாரோ சிலர் தொண்டையை வருத்தியே ஆகவேண்டும் என்பதைச் சங்கீதம் தெரிந்த எவரும் சொல்வர். பஜனைப் பெண்கள் கேட்டே மனனம் செய்பவர்கள். தேவாலயக் குழாத்தினர் நான்கு குரலாகப் பிரிந்து பாடிப் பழகியவர்கள். ஒரு சாராருக்குக் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை அடக்கி ஸ்வரத்தில் நேராக நிற்கவும், மறுசாராருக்குச் சாப்புத் தாளத்தில் இடறாமல் எடுக்கவும் பழக்கி முடிப்பதற்குள் எனக்கிருந்த குரலும் போய்விட்டது. விடியுமுன் கடலுக்குப் போகவேண்டியவர்கள் இரவு ஒத்திகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தபோது உயிர்தப்பிய பெண்ணொருவரும் எங்களோடு பாடினார். அணைப்பாட்டு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். மேடையில் அந்தப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அன்று அரசனுக்கும் அமைச்சருக்கும் ஆளுக்கொரு ஒலிவாங்கி தந்த ஏற்பாட்டாளர்கள் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. அப்படியிருந்தும் கடைசி வரிசைவரை கேட்டது.

இது முதல் தடவையுமல்ல. தமிழ்மொழித் தினப் போட்டியில் நான் பழக்கிய மாணவியர் குழு இசையில் முதலிடம் பெற்றபோது தங்கள் பத்திரிகை பெரிய படமொன்றை வெளியிட்டது. முன்வரிசையில் அதிகாரிகள் அமர்ந்திருக்க, பிள்ளைகளின் நெற்றிகள் மாத்திரம் அவர்களின் தோள்களுக்கு மேல் தெரிந்தன. அப்போதும் எழுதினேன், இடநெருக்கடி என்று பதில் வந்தது. பக்திப் பாடல் இறுவட்டு வெளியீடுகளுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகையில் அந்த நெருக்கடி எங்கே போகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

எங்கள் மாவட்டம் தங்கள் பத்திரிகையில் இடம்பெறுவதென்றால் துறைமுகம் பற்றி யாராவது அறிக்கை விட்டிருக்கவேண்டும், அல்லது காற்று பலமாக வீசியிருக்கவேண்டும். கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளையும் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களையும் தவறாமல் எண்ணி எழுதுகிறவர்களுக்கு, வெளிச்சத்தில் நின்று பாடிய 38 பேர் மட்டும் 'குழுவொன்று' ஆகிவிட்டார்கள்.

மறுப்புச் செய்தியோ வருத்தமோ நான் கேட்கவில்லை. பாடியவர்களின் பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். ஏதாவது ஒரு மூலையில், சிறிய எழுத்திலாவது வெளியிட்டால் போதும். அடுத்த மாதம் இதே நாடகம் மூதூரில் மேடையேறவிருக்கிறது. தங்கள் நிருபரைக் கடைசிக் காட்சிவரை இருக்கும்படி அன்புகூர்ந்து பணியுங்கள். முன்வரிசையில் கதிரை ஒதுக்கிவைக்கிறோம்; இடைவேளையில் தேநீரும் தருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.