வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ஏப்ரல் முதல் எங்கள் வேலை மாறுகிறது

தஞ்சாவூர்
டிசம்பர் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் 2026 ஏப்ரல் முதல் வங்கிக் கடனுக்கான சொத்து மதிப்பீட்டு அறிக்கைகளை நாங்கள் புதிதாக எடுக்கப் போவதில்லை. கையில் இருக்கும் ஃபைல்களை மார்ச் மாதத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவோம். அதன் பிறகு பாகப்பிரிவினை, சொத்தை விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரி, விவசாய நிலம், பழைய வீடுகள் ஆகியவற்றுக்கு மட்டும்தான் மதிப்பீடு செய்வோம். விஷயம் வெளியே தெரிந்ததும் "பேனலிலிருந்து (வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து) எடுத்துவிட்டார்களா?" என்று பலர் அக்கறையோடு ஃபோன் செய்தீர்கள். அப்படி எதுவும் இல்லை. நாங்களே எழுதிக் கொடுத்து விலகுகிறோம். காரணத்தை உங்களிடம் விவரமாகச் சொல்வதுதான் முறை.

எங்கள் அலுவலகத்தைத் தொடங்கியவர் சார். அரசு வேலையில் சிவில் இன்ஜினீயராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று இந்தத் தொழிலுக்கு வந்தவர். செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்பதுதான் அன்றைக்கு இந்தத் தொழிலுக்கு அடையாளம். 2015 பட்ஜெட்டில் செல்வ வரியையே எடுத்துவிட்டார்கள். 2017 அக்டோபரில் கம்பெனிச் சட்டத்தின் 247-ஆம் பிரிவில் மதிப்பீட்டாளர் பதிவுக்கான விதிகள் வந்தன. அதன்படி பதிவு பெற வேண்டுமென்றால் 50 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, திவால் சட்டத்துக்கான மத்திய அரசு வாரியமான ஐபிபிஐ நடத்தும் கணினி வழித் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். வாழ்நாள் முழுக்க அஸ்திவாரம், செங்கல், கம்பி என்று பார்த்தவர், அறுபது வயதுக்கு மேல் பொருளாதாரமும் திவால் சட்டமும் படித்துத் தேர்ச்சி பெற்றார். அவரோடு வேலை செய்வதில் எனக்குள்ள பெருமை அங்கேதான் தொடங்குகிறது.

நான் சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களின் சைட் இன்ஜினீயராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எங்கள் மூன்றாவது ஆளை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வங்கியின் கடன் பிரிவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்கள் அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டார். சிவில் பட்டதாரி என்பதால் அவரும் பதிவுக்குத் தகுதியானவர். வரும் ஆண்டு தேர்வு எழுதுகிறார்.

வங்கி வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். இத்தனை வருடம் எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் அந்த வேலையின் போக்கு வேறு. காலையில் தகவல் வரும், மாலைக்குள் அறிக்கை வேண்டும். இடத்துக்குப் போய் நான்கு எல்லைகளையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து, இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்து, பக்கத்தில் நடந்த விற்பனைகளை விசாரித்து, படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு என்று மூன்று எண்கள் இருக்கும். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் இந்தச் சொத்திலிருந்து எவ்வளவு தேறும் என்பது வங்கியின் கேள்வி. அதற்கு அந்த மூன்று எண்கள் சரியான பதில்தான்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. கடனுக்காகக் கொடுத்த அறிக்கையை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். பத்து வருடம் கழித்து அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க உட்காரும்போது அதை எடுத்து நடுவில் வைப்பீர்கள். குடும்பத்தின் கேள்வியே வேறு. யார் பாகமும் யார் பாகமும் சமம்? அந்தக் கேள்விக்கு வங்கி அறிக்கையில் பதில் இருக்காது. அந்த அறிக்கையை வைத்துப் பிரித்துவிட்டு, பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்களை இந்த ஊரில் நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அந்த வருத்தம்தான் எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கடைவீதியில் 40 அடி முகப்பு, 90 அடி ஆழம் உள்ள ஒரு மனை, மொத்தம் 3,600 சதுர அடி. பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கு 1,200 சதுர அடி, முன் பகுதி ஒருவருக்கு, நடுப்பகுதி ஒருவருக்கு, பின் பகுதி ஒருவருக்கு என்று பிரித்தால் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததுபோல்தான் இருக்கும். ஆனால் தெருவைப் பார்த்த நிலமும் கொல்லைப்புற நிலமும் ஒரே விலைக்குப் போகாது. மதிப்பீட்டில் ஆழத்தைப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. முதல் பட்டைக்கு முழு விலை, இரண்டாவதுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதுக்குப் பாதி. முகப்பு விலை சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முன் பகுதி 36 லட்சம், நடு 24 லட்சம், பின் 18 லட்சம். மொத்தம் 78 லட்சம், ஆளுக்கு 26 லட்சம். முன் பகுதியை எடுப்பவர் 10 லட்சம் வெளியே கொடுக்க வேண்டும். அதில் 2 லட்சம் நடுப்பகுதிக்காரருக்கு, 8 லட்சம் பின்பகுதிக்காரருக்கு. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் மூன்று பேரும் அமைதியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பின்னால் போவதற்கு நடைபாதை விட வேண்டுமே, அது யார் பாகத்தில் குறையும், கிணறு யாருக்கு, பொதுச்சுவர் யாருக்கு என்று அடுத்தடுத்த கேள்விகளுக்கும் அப்போது நிதானமாக வர முடிகிறது. பட்டையின் ஆழம் எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்காது. கடைத்தெருவுக்கு ஒரு கணக்கு, குடியிருப்புத் தெருவுக்கு ஒரு கணக்கு. அதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் ஆகிற வேலை இல்லை.

மேல வீதி, தெற்கு வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் இன்னும் நேரம் கேட்பவை. மெட்ராஸ் டெரஸ் (மர விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கும் பழைய முறை) போட்ட கூரையில் தேக்கு விட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். திடமான சத்தம் வந்தால் சரி. பொத்தென்று கேட்டால் கரையான் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். விட்டத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் மீதி ஆயுள் எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். தேக்கைப் பிரித்து விற்றால் கிடைப்பதும் ஒரு மதிப்புதான், அதையும் தனியாகக் காட்ட வேண்டும்.

அப்புறம் அடிமனை. நம் ஊரிலும் கும்பகோணத்திலும் கோயில் மனையில் கட்டிய வீடுகள் ஏராளம். வீடு உங்களுடையது, மண் கோயிலுடையது. மாதாமாதம் பகுதி, அதாவது மனை வாடகை, கட்டுகிறீர்கள். அந்த வீட்டுக்கு நிலமும் சேர்த்து மதிப்புப் போட்டுத் தரும்படி கேட்கிறார்கள். அப்படித் தர முடியாது. கட்டடத்துக்கு மட்டும்தான் போடுவோம். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அதுவே நல்லது.

மூலதன ஆதாயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த வருடம் அதிகம் பேர் கேட்டது அதைத்தான். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே உங்களிடமோ, உங்களுக்கு வாரிசாக விட்டுச்சென்ற அப்பா அம்மாவிடமோ இருந்த சொத்தை விற்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு, பணவீக்கக் கழிவு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம் வரி. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய நிலம், கட்டடம் என்றால், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் பழையபடி கழிவோடு 20 சதவீதம் கணக்குப் போட்டு, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம்.

2025-26 நிதியாண்டின் பணவீக்கக் குறியீடு 376. 2001-ல் 100. ஒரு மனையை 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள், 2001 மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கழிவோடு போட்டால் 4 லட்சம் 15.04 லட்சமாகிறது, ஆதாயம் 24.96 லட்சம், வரி ஏறத்தாழ 4.99 லட்சம். கழிவில்லாமல் போட்டால் 36 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 4.5 லட்சம். புதிய முறை லாபம். அதே மனையின் 2001 மதிப்பு 6 லட்சம் என்றால், பழைய முறையில் வரி சுமார் 3.49 லட்சம், புதிய முறையில் 4.25 லட்சம். பழைய முறை லாபம். (செஸ் முதலியவை தனி.) எந்தப் பக்கம் போவது என்பதை அந்த ஒரு எண் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்துப் பத்திரங்களைத் தேடி, 2000, 2001-ல் அதே தெருவில் நடந்த கிரயங்களை எடுத்து, ஆதாரத்தோடு அந்த மதிப்பை நிறுவ வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2020-ல் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் விலை) இருந்தால் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டினாலும் நிற்காது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ குடியிருக்கும் பங்காளிக்கு 20 சதவீத வாய்ப்பு கிடையாது, அவருக்கு 12.5 மட்டும்தான். ஒரே சொத்தை விற்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வரி வேறு வேறாக வருவது இதனால்தான். விற்பதற்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும் என்பதால் அதன் பிறகு விற்பவர்கள் பழைய எண்களை வைத்துக் குழம்ப வேண்டாம்.

வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை வேறு. 2017-ல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-ல் திரும்ப ஏற்றினார்கள், 2024 ஜூலை முதல் திருத்திய மதிப்புகள். சில இடங்களில் வழிகாட்டி மதிப்பு உண்மையான விலையை விடக் கூடுதலாக இருக்கிறது. பத்திர விலையை விட அது 10 சதவீதத்துக்கு மேல் போனால், வராத பணத்துக்கும் வரி கேட்பார்கள். அப்போது வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த இடத்தில் எங்கள் அறிக்கை உங்களுக்குக் கை கொடுக்கும். வரும் ஆண்டு திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்து நிலங்களுக்கு அதிக நேரம் கொடுக்கப் போகிறோம். அங்கே விலை பேசுவது மா கணக்கில், அதாவது 100 குழி, சுமார் 33 சென்ட். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர். இனி அறிக்கையில் இரண்டையும் போட்டுத் தருவோம். வீட்டில் பெரியவர்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்களிலும் மாற்றம் இருக்கிறது. சாருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. இனி ஏணி ஏற வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். ஆனால் மூலப் பத்திரம் படிப்பதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. செவ்வாய், வியாழன் காலையில் அலுவலகத்தில் இருப்பார், நேரில் வந்து பேசலாம். களப்பணியும் கையெழுத்தும் இனி என் பொறுப்பு. வரைபடம் போட்டுக்கொண்டிருந்த தம்பி, டிஎன்பிஎஸ்சி நில அளவர் தேர்வுக்குப் படிக்க விடுப்பு எடுத்துப் போகிறார். அவர் தேர்ச்சி பெற வேண்டும் என்று எல்லோரும் மனதார விரும்புகிறோம். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை வரைபடங்கள் சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் சொத்தின் மதிப்பை வைத்து இல்லை, வேலையை வைத்துத்தான். தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவோம். வரி குறைந்தால் இவ்வளவு, பாகம் சாதகமாக முடிந்தால் இவ்வளவு என்று பேசுவதற்கு எங்கள் தொழில் நெறி இடம் தராது, எங்களுக்கும் அதில் விருப்பம் இல்லை. பாகப்பிரிவினை வேலையைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மட்டும் எடுப்போம். ஒருவருக்காகச் செய்த அறிக்கையை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள், அதில் யாருக்கும் பயன் இல்லை.

வரும்போது பத்திர நகல், பட்டா, புல வரைபடம், வீட்டு வரி ரசீது, இருந்தால் பிளான் அப்ரூவல் கொண்டு வாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் நாங்களே பார்த்துக்கொள்வோம். வங்கிக் கடனுக்கு அறிக்கை தேவைப்படுபவர்கள் உங்கள் கிளையிலேயே கேளுங்கள், அவர்கள் பேனலில் உள்ள ஒருவரை அனுப்புவார்கள். எங்களிடம் உள்ள உங்கள் பழைய அறிக்கைகளின் நகல் வேண்டுமென்றால் மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

பொங்கலுக்கு அலுவலகம் ஐந்து நாள் மூடியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் சொத்து மதிப்பீட்டாளர்கள்