கோடு ஏறினால் பஸ் மேடு ஏறுகிறது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் அறிவியல் பரீட்சைத் தாளைப் பார்த்தேன். தொலைவு-காலம் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, நடுவில் கோடு படுக்கையாக இருக்கும் இடத்தில் பஸ் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தார்கள். 'சமமான ரோட்டில் ஓடுகிறது' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள், ஏன் தப்பு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவள் தோழிகளும் அதையேதான் எழுதினார்களாம். கோடு ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம் என்று பிள்ளைகள் அதை ரோட்டின் படமாகவே பார்க்கிறார்கள்.

சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து அழகர்கோவில் பஸ்ஸில் கூட்டிப்போனேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளில் நேரத்தைக் கீழேயும் தூரத்தைப் பக்கவாட்டிலும் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தோம். கோரிப்பாளையம் சிக்னலில் நான்கு நிமிடம் நின்றோமே, அங்கே கோடு அப்படியே படுத்துவிட்டது. நேரம் ஓடுகிறது, தூரம் கூடவில்லை, அவ்வளவுதான். புதூர் நெரிசலில் பத்து நிமிடத்துக்கு 2 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 12. கடச்சனேந்தல் தாண்டியதும் அதே பத்து நிமிடத்துக்கு 5 கிலோமீட்டர், மணிக்கு 30, கோடு நன்றாக நிமிர்ந்துவிட்டது. கூடிய தூரத்தை ஆன நேரத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கோட்டின் சாய்வு, அதுதான் வேகம்.

ஆனால் அவளுக்கு உண்மையில் விளங்கியது, அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்ச்சோலைக்கு மலை ஏறிய வேனின் கோட்டைப் பார்த்தபோதுதான். மலைப்பாதை ஏற ஏற வண்டி மெதுவாகப் போனது, தாளில் அந்த இடத்தில் கோட்டின் ஏற்றம் குறைந்திருந்தது. 'ரோடு ஏறுது, கோடு ஏன்ப்பா சாயுது?' என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

அப்புறம் இன்னொன்று. கோடு கீழே இறங்கினால் வேகம் குறைகிறது என்று பெரியவர்களே சொல்கிறார்கள். பக்கவாட்டில் இருப்பது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள தூரம் என்றால், கோடு இறங்குவது திரும்பி வருவதைக் காட்டுகிறது. மொத்தம் ஓடிய தூரம் என்றால் கோடு இறங்கவே இறங்காது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் கேள்வி கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு வரைபடம் போடுங்கள். நம்ம ஊர் பஸ் ஒன்றின் பயணமாக இருக்கட்டும், எந்த இடத்தில் நின்றது, எங்கே வேகம் பிடித்தது என்று பிள்ளைகளையே கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள். என் மகளின் அழகர்கோவில் வரைபடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
புதூர், மதுரை.